படுக்கையில் விழிப்பு, சோபாவில் தூக்கம்: இது எந்த வகை?

கேள்வி: எனக்கு 48 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தூக்கம் கெட்டது. அவர் குணமாகிவிட்டார், என் தூக்கம் மட்டும் திரும்பவில்லை. ஒன்பதரைக்குப் படுத்தால் வாரத்தில் நாலைந்து நாள் ஒரு மணி வரை புரள்கிறேன், பகலெல்லாம் அசதி. ஆனால் சாயங்காலம் சோபாவில் டிவி பார்க்கும்போது கண் சொக்குகிறது. அம்மா வீட்டுக்குப் போனால் நன்றாகத் தூங்குகிறேன். தூக்கமின்மையில் பல வகை உண்டாமே, என்னுடையது எது? - வாசகி, திருச்சி

பதில்: சோபாவையும் அம்மா வீட்டையும் மறக்காமல் எழுதினீர்களே, பாதி விடை அங்கேயே இருக்கிறது.

வாரத்துக்கு 3 இரவாவது, 3 மாதமாவது நீடித்து, பகல் வேலையையும் பாதித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. தூங்க நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் வராமல் இருக்க வேண்டும் என்பது முக்கியம். கைக்குழந்தையோடு விழித்திருக்கும் தாய்க்கு இந்தப் பெயர் பொருந்தாது. உங்களுக்குப் பொருந்துகிறது.

படுத்ததும் தூக்கம் வராதது, நடுவில் விழிப்பது, விடியுமுன்பே எழுந்துவிடுவது என்று பிரிப்பது ஒரு வழி. இதை மட்டும் வைத்து நான் முடிவு செய்வதில்லை, ஏனென்றால் ஒரே ஆளுக்கே இது மாறிக்கொண்டிருக்கும்.

தானாக வருவது முதன்மை, வேறு நோயால் வருவது இரண்டாம் நிலை என்றும் முன்பு பிரித்தார்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு அந்தப் பிரிவைக் கைவிட்டது. மறு ஆண்டே தூக்க நோய்களின் சர்வதேச வகைப்பாடும் நாள்பட்ட வகைகள் எல்லாவற்றையும் ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. சரியான முடிவுதான். கிளப்பிவிட்ட காரணம் போன பிறகும் தூக்கமின்மை தனி நோயாகத் தங்கிவிடும். மாமியார் வீடு திரும்பியும் உங்கள் தூக்கம் திரும்பவில்லையே, அதுபோல.

ஆனாலும் பழைய உட்பிரிவுகள் எனக்கு இன்றும் உதவுகின்றன. சிறு வயதிலிருந்தே தூக்கம் வராதவர்கள் ஒரு வகை. ஆறு மணி நேரம் தூங்கியும் கண்ணே மூடவில்லை என்று மனதார நம்புகிறவர்கள் இன்னொரு வகை. அவர்கள் பொய் சொல்லவில்லை, அந்த வேதனை நிஜம். மூன்றாவது, பழகிப்போன தூக்கமின்மை. உங்களுடையது பெரும்பாலும் இதுதான்.

கவலையோடு படுத்துப் புரண்ட இரவுகள் சேரச் சேர, படுக்கை என்றாலே விழிப்பு என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. 'இன்றாவது தூங்க வேண்டுமே' என்ற தவிப்பு அதை இன்னும் இறுக்குகிறது. சோபாவில் தூங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதனால் கண் சொக்குகிறது. அம்மா வீட்டுப் பாய்க்கு உங்கள் பழைய இரவுகள் தெரியாது.

இதை உறுதி செய்யுமுன் சிலவற்றை விலக்க வேண்டும். படுத்ததும் காலில் குறுகுறுப்பு வந்து, அசைத்தால் குறைகிறதா? இரும்புச்சத்துக் குறைவாலும் அது வரும், பரிசோதியுங்கள். பலத்த குறட்டையும் மூச்சுத் திணறலும் உண்டா என்று வீட்டாரிடம் கேளுங்கள். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் சூடும் இரவு வியர்வையும் தூக்கத்தைக் கலைக்கும். எதிலும் ஈடுபாடே இல்லாமல் மனம் சோர்ந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், இரண்டு வாரம் ஒரு நோட்டில் படுத்த நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம் குறியுங்கள். உத்தேசமாகப் போதும், ராத்திரியில் கடிகாரம் பார்க்காதீர்கள். ஒன்பதரைக்குப் படுப்பதை விட்டுவிட்டு, கண் சொக்கும்போது மட்டும் படுங்கள், பதினொன்று ஆனாலும் சரி. இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். காலையில் எழும் நேரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை கூட மாறக்கூடாது. சோபா தூக்கத்தை அறவே நிறுத்துங்கள். இரவுக்குச் சேர்த்து வைக்க வேண்டிய தூக்கத்தை அது சாயங்காலமே செலவழித்துவிடுகிறது.

முதல் வாரம் அசதி கூடும், அப்போது வண்டி ஓட்டுவதில் கவனம் தேவை. வலிப்பு நோயோ, மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் இருதுருவ மனநோயோ (பைபோலார்) இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் திடீரென நிறுத்தாதீர்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தவரிடமே போய் எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள்.