நிறையா, திணிவா? மகளின் விடைத்தாள் பற்றி

வணக்கம் சகோதரி. "மீனின் நிறை 2 கிலோகிராம்" என்று எழுதிய மகளுக்குப் புள்ளி கிடைக்கவில்லை என்றும், இந்தியக் காணொளிகளில் அப்படித்தானே கற்பிக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் திருத்தியது சரியே. ஆயினும் பிள்ளை குழம்பியதில் வியப்பில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘நிறை’ என்பது பொருளில் அடங்கியுள்ள சடத்தின் அளவையும், ‘எடை’ என்பது அதைப் புவி இழுக்கும் விசையையும் குறிக்க, நமது இலங்கைப் பாடநூல்களிலோ முன்னதற்குத் ‘திணிவு’ என்றும் பின்னதற்கு ‘நிறை’ என்றும் பெயர்.

திருகோணமலைச் சந்தையில் ஒரு பாரை மீனை விற்றராசில் கொளுவும்போது, உள்ளேயுள்ள சுருள்வில்லை நீட்டுவது அதன் நிறைதான். ஆனால் முகப்பில் கிலோகிராம் பொறிக்கப்பட்டிருப்பதால், "நிறை இரண்டு கிலோ" என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டோம். வியாபாரத்தில் அதனால் ஒரு கேடும் இல்லை. விடைத்தாளில் மட்டும், திணிவு 2 கிலோகிராம் என்றும், அதைப் புவியீர்ப்பு ஆர்முடுகலால் (புவி இழுப்பதால் விழும் பொருளின் வேகம் கூடும் வீதத்தால்) பெருக்கக் கிடைக்கும் ஏறத்தாழ 20 நியூற்றனே நிறை என்றும் பிரித்து எழுத வேண்டும். அதே மீனைச் சந்திரனுக்குக் கொண்டுசென்றால் திணிவு மாறாது, நிறையோ ஏறத்தாழ ஆறிலொன்றாகிவிடும். படிக்கற்கள் வைக்கும் இருதட்டுத் தராசு அங்கும் 2 கிலோகிராமையே காட்டும். இதை மகளுடன் இருந்து பேசிப் பாருங்கள்.

காணொளிகளை நிறுத்த வேண்டியதில்லை. அங்கே ‘நிறை’ என்று கேட்டால் கொப்பியில் ‘திணிவு’ என்றும், ‘எடை’ என்று கேட்டால் ‘நிறை’ என்றும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.