காசு போன தடம் தெரிந்தது, ஆள் தெரியவில்லை

‘களவுபோன கிரிப்டோவைப் பிடிக்க எல்லாப் பாவனையாளரின் அந்தரங்கத்தையும் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் போய்விட்டது போல.

எனக்குப் போனது 640 யூஎஸ்டிடி, அதாவது டொலர் மதிப்போடு கட்டிவைத்த கிரிப்டோ நாணயம். தோட்டக் கிணற்றுக்கு சோலர் மோட்டார் பூட்டக் கனடாவிலிருந்து மச்சான் அனுப்பியது. (வங்கி இல்லாமல் ஆள் மூலம் காசு கைமாற்றும் உண்டியலில் எடுத்திருக்கலாம், தெரியும். அதைச் சொல்ல வராதீர்கள்.) தருமபுரத்தில் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, ஒரு போலித் தளத்தில், கிரிப்டோ வைத்திருக்கும் வாலட்டைத் திறக்கிற பன்னிரண்டு இரகசியச் சொற்களையும் நானே தட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெடியன் அந்தக் காசு ஓடிய ட்ரொன் வலையமைப்பின், யாரும் பார்க்கக்கூடிய பதிவேட்டைத் திறந்து காட்டினான். காசு முதலில் ஒரு வாலட் முகவரிக்குப் போய், ஒன்பது நிமிடத்தில் இரண்டாகப் பிரிந்து, இரவுக்குள் ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது கிரிப்டோ வாங்கி விற்கிற நிறுவனத்துக்கு, வந்திருந்தது. சேற்றில் மாட்டுக் குளம்பு மாதிரித் தடம் கிடக்கிறது, ஆளின் பெயர் மட்டும் இல்லை. எக்ஸ்சேஞ்ச்காரர் பொலிஸ் மூலம் வரச் சொன்னார்கள். பொலிசில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று. என் முறைப்பாட்டில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்தக் கோபத்தில், வாலட் வைத்திருக்கிற எல்லோரையும் அடையாள அட்டையோடு பதிய வேண்டும் என்று நானும் கத்தினேன். அப்புறம் அதே பெடியன் மச்சானின் வாலட் முகவரியைத் தட்டினான். எப்போது எவ்வளவு அனுப்பினார், மிச்சம் எவ்வளவு, எல்லாம் வந்தது. ஒரு கிழமைக்குள் ஊரில் இரண்டு பேர் அவருக்குப் போன் எடுத்துக் கடன் கேட்டுவிட்டார்கள். இதில் பெயரும் ஒட்டியிருந்தால்? போர் முடிந்து மீளக்குடியேறிய புதிதில் குடும்பமாக நிறுத்திப் படம் எடுத்துப் பதிந்தார்கள். அந்தப் படங்கள் யார் கையில் இருக்கின்றனவோ. கள்ளனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். பதிவு என்றாலே எங்கள் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

பெயர் தெரியாமலே காசை மறிக்கலாம். யூஎஸ்டிடியை வெளியிடுகிற டெதர் நிறுவனத்தால் ஒரு முகவரியில் கிடப்பதை அசையாமல் முடக்க முடியும். பெயர் வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்குப் போகட்டும். 2016இல் பிட்ஃபினெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சில் களவுபோனதில் 94,000க்கு மேற்பட்ட பிட்கொயினை அமெரிக்கா 2022இல் கைப்பற்றியது அப்படித்தான்: தடத்தைப் பின்தொடர்ந்து, சந்தேகப்பட்டவர்களின் கணக்கை மட்டும் தேடுதல் ஆணையோடு திறந்து, அந்த பிட்கொயினைத் திறக்கிற இரகசியச் சாவிகளை எடுத்தார்கள்.

நீங்கள் பரிவர்த்தனை இலக்கத்தையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் இன்றைக்கே எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புங்கள். நான் அனுப்பப் பத்து நாள் ஆயிற்று. அதற்குள் காசை எடுத்துவிட்டார்களாம். தோட்டத்தில் இன்னமும் மண்ணெண்ணெய் மோட்டார்தான்.