நம் வீட்டுச் சன்னலை மாற்ற ஊரின் அனுமதி எதற்கு?

அமெரிக்கச் சிறு நகரங்களில், வரலாற்றுச் சிறப்புக்காகப் பாதுகாக்கப்படும் பகுதிகளில் வீடு வாங்கியிருக்கும் வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். வீட்டின் வெளிப்புறத்தில் கைவைப்பதற்கு முன் ஊரின் ஆய்வுக் குழு முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறதே என்ற மனக்குறை எல்லாக் கடிதங்களிலும் தென்படுகிறது.

கேள்வி: சொந்தப் பணத்தில் வாங்கிய வீடு, வரியும் நாங்களே கட்டுகிறோம். இதைச் செய், இதைச் செய்யாதே என்று சொல்ல ஒரு குழுவுக்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது?

பதில்: சட்டத்திலிருந்து வந்தது, அந்தச் சட்டமும் பெரிய இழப்புகளுக்குப் பிறகே உறுதிப்பட்டது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931-இல் தன் பழைய பகுதி ஒன்றுக்கு எல்லை வகுத்து, அங்குள்ள கட்டடங்களின் வெளித்தோற்றத்தை மாற்ற விரும்புவோர் ஒரு குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று விதித்தது. அமெரிக்காவில் இவ்வகைச் சட்டத்தில் அதுவே முதலாவது. நியூயார்க்கில் 1963-இல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியபோது, தடுத்து நிறுத்த அந்நகரத்திடம் சட்டம் இருக்கவில்லை. 1910-இல் திறக்கப்பட்ட அந்த மாபெரும் மண்டபம் தரைமட்டமாகிக்கொண்டிருந்த நிலையில்தான் 1965-இல் சட்டம் வந்தது. பிறகு, அதே ஊரின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு மேல் 50 மாடிகளுக்கும் அதிகமான கோபுரம் எழுப்ப அனுமதி மறுக்கப்பட, உரிமையாளரான பென் சென்ட்ரல் நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நிலையத்தை அதுவரை பயன்படுத்திய விதத்திலேயே பயன்படுத்தி நியாயமான வருவாய் ஈட்ட வழியிருப்பதால், அந்த மறுப்பு சொத்தைப் பறித்ததாகாது என்று 1978-இல் தீர்ப்பாயிற்று.

இந்த அதிகாரத்துக்கும் வரம்பு உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டப்படி, பொதுவழியில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும் வெளிப்புறத்தை மட்டுமே குழு ஆராயலாம். சமையலறையை எப்படி மாற்றினீர்கள் என்று அது கேட்க முடியாது. பின்புறத்து வேலை எவர் கண்ணிலும் படாது என்றால், அதற்கு இந்த விதி பொருந்தாது என்றே சான்றிதழ் பெறலாம். விதியைக் கடைப்பிடிப்பதால் கடும் இன்னல் நேரும் என்று காட்டக்கூடியவர்களுக்கும் தனிச் சான்றிதழ் உண்டு. விண்ணப்பிப்பதற்கு முன் உங்கள் ஊரின் விதியை வரிக்கு வரி படித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டை வாங்கியபோது தெருவின் அழகுக்கும் சேர்த்தே நீங்கள் விலை கொடுத்திருப்பீர்கள். அந்த அழகில் பெரும்பகுதி எதிர்வீட்டுக்காரரின் சுவரில் இருக்கிறது.

கேள்வி: மரச் சன்னல்கள் நூறாண்டுப் பழையவை. குளிர் காற்று உள்ளே வருகிறது, கதவுகள் சிக்கிக்கொள்கின்றன. இரட்டைக் கண்ணாடி வைத்த வினைல் (ஒருவகை பிளாஸ்டிக்) சன்னலுக்கு விண்ணப்பித்தோம். முதலில் பழுது பார்க்க முடியுமா என்று பாருங்கள் என்று குழு திருப்பி அனுப்பிவிட்டது. இது பிடிவாதம் இல்லையா?

பதில்: இல்லை. அமெரிக்க உள்துறை (அங்கே தேசியப் பூங்காக்களையும் வரலாற்றுச் சின்னங்களையும் கவனிக்கும் துறை) வகுத்துள்ள சீரமைப்பு நெறிகள் பத்தில் ஒன்று இதையே சொல்கிறது: பழுதடைந்த உறுப்பை மாற்றுவதைவிடச் சரிசெய்வதே முறை, மாற்றியே ஆக வேண்டிய அளவுக்குச் சிதைந்திருந்தால் புதியது வடிவிலும் நிறத்திலும், இயன்றவரை பொருளிலும் பழையதை ஒத்திருக்க வேண்டும். பல ஊர்க் குழுக்கள் இந்நெறிகளையே அளவுகோலாகக் கொள்கின்றன.

உங்கள் சன்னலின் அருகே போய் ஒருமுறை நின்று பாருங்கள். அந்தக் காலத்துச் சன்னல்களில் பெரும்பாலானவை மேலும் கீழும் நகரும் இரண்டு கதவுகள் கொண்டவை. பக்கச் சட்டத்தின் உள்ளே கயிற்றில் கட்டிய இரும்பு எடை தொங்குவதால்தான் கனமான கதவும் ஒரு கையால் தூக்கும் அளவுக்கு இலேசாகிறது. கயிறு அறுந்திருக்கும், அல்லது பல தலைமுறைகள் அடித்த பெயின்ட் தடித்துப்போய்க் கதவைச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும். கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் புட்டி என்னும் பசைப்பூச்சு காய்ந்து உதிர்ந்திருந்தால் காற்று அந்த வழியாகவும் நுழையும். கயிற்றை மாற்றி, புட்டியை எடுத்துப் புதிதாக வைத்து, இடுக்குகளில் காற்றடைப்புப் பட்டை பதித்து, வெளியே புயல்காப்புச் சன்னல் என்னும் இரண்டாவது கண்ணாடிச் சன்னல் ஒன்றையும் பொருத்திவிட்டால், உங்கள் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். மெல்ல வளர்ந்த முதிய மரங்களை அறுத்துச் செய்த, வைரம் பாய்ந்த சட்டம் அது. அதே தரத்து மரம் இன்று எளிதில் கிடைப்பதில்லை. அடிச்சட்டம் மட்டும் உளுத்திருந்தால், அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து வேறு மரம் இணைக்கத் தச்சருக்குத் தெரியும். மாறாக, நீங்கள் வைக்க நினைத்த இரட்டைக் கண்ணாடியின் விளிம்பு அடைப்பு விட்டுப்போனால், உள்ளே ஈரம் படிந்து மங்கிய அந்தக் கண்ணாடிப் பகுதியை முழுதாகவே மாற்ற வேண்டியதுதான்.

ஓர் எச்சரிக்கை. வீடுகளுக்கான ஈயம் கலந்த பெயின்டுக்கு அமெரிக்காவில் 1978-இல்தான் தடை வந்தது. ஆகவே பழைய பெயின்டைச் சோதித்துப் பார்க்காமல் உலர்வாகத் தேய்த்துத் தூசி பறக்கவிடாதீர்கள்; வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் சற்றும் அசட்டை கூடாது.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரருக்கு அனுமதித்த அதே வேலியை எனக்கு மறுத்துவிட்டார்கள். எதிர்த்துக் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம், மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்களுடையது தெருமுனை வீடாக இருக்கலாம், அல்லது அவருடையது பிற்காலக் கட்டடமாக இருக்கலாம். அப்படியானால் முடிவு வேறுபடுவதில் நியாயம் உண்டு. “பகுதியின் தன்மைக்குப் பொருந்தவில்லை” என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டால் அது குழுவின் குறை என்றே நான் சொல்வேன். எந்தத் தன்மை, எந்த விதி, எப்படி மாற்றினால் பொருந்தும் என்று சொல்லத் தெரியாத குழு, நல்ல நோக்கத்தோடு செயல்பட்டாலும் மக்களின் நம்பிக்கையை இழந்துவிடும். மறுபடி போகும்போது நான்கு பக்கத்துப் புகைப்படங்கள், அளவு குறித்த வரைபடம், பயன்படுத்தப்போகும் பொருளின் மாதிரி ஆகியவற்றைக் கையில் கொண்டு செல்லுங்கள். தாளில் தெளிவாக இல்லாத திட்டத்துக்குக் குழு தயங்குவது இயல்பே.

கேள்வி: வீட்டின் பின்னால் ஓர் அறை சேர்க்க விரும்புகிறோம். அதையும் பழைய வீட்டைப் போலவே கட்டினால் குழு மகிழும் அல்லவா?

பதில்: அப்படி நினைத்துக்கொண்டு போய்த்தான் பலர் திகைத்துத் திரும்புகிறார்கள். புதிதாகச் சேர்ப்பது பழையதிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும், அதே சமயம் அளவிலும் உயரத்திலும் பொருளிலும் அதனோடு இசைந்திருக்க வேண்டும், பின்னாளில் அகற்றினாலும் பழைய வீடு சிதையாமல் நிற்க வேண்டும் என்பவையும் மேற்சொன்ன உள்துறை நெறிகளில் உள்ளவையே. கூரை விளிம்பைச் சற்றுத் தாழ்த்தி, பழைய சுவரிலிருந்து ஓரடி உள்வாங்கிக் கட்டினாலே பாதிச் சிக்கல் தீரும்.

கேள்வி: தெரியாமல் செய்துவிட்டோம். செங்கல் சுவரின் இடைச்சாந்து உதிர்கிறதே என்று கொத்தனாரை அழைத்து, முகப்பு முழுவதும் செங்கல் இடுக்குகளைச் சிமென்டால் பூசிவிட்டோம். இப்போது குழுவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அத்தனையையும் கொத்தி எடுத்துவிடட்டுமா?

பதில்: அவசரப்பட்டு உளியை எடுக்காதீர்கள். பழைய செங்கல் மென்மையானது. அதன் இடையே இருந்த சுண்ணாம்புச் சாந்து அதைவிட மென்மையாக இருந்ததால், சுவருக்குள் போன ஈரம் சாந்தின் வழியாக வெளியேறியது, உதிர்ந்தாலும் சாந்துதான் உதிர்ந்தது. சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் செங்கல்லின் வழியாக வெளியேற முயன்று, உப்புப் பூத்து, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, செங்கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும்.

ஆனால் இறுகிய சிமென்டை இயந்திரத்தால் அறுத்தால் செங்கல்லின் விளிம்பும் சேர்ந்து போய்விடும். குழுவுக்கு நடந்ததை மறைக்காமல் எழுதி, மேற்கொண்டு வேலையை நிறுத்திவிட்டதாகவும் தெரிவியுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்துவந்து, எளிதில் கண்ணில் படாத ஓர் ஓரத்தில், கையால் கொத்தினால் செங்கல் சேதமாகாமல் சிமென்ட் வருகிறதா என்று ஒரு சாண் அளவுக்குச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வருமானால், அடுத்த கூட்டத்துக்கு அந்த இடத்தின் புகைப்படத்தோடு போங்கள். வராவிட்டால், தளர்ந்த இடங்களை மட்டும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து வைக்கவும், மற்றவற்றை இப்போதைக்கு அப்படியே விடவும் அனுமதி கேளுங்கள்.