காரமான சாப்பாட்டால்தான் இரைப்பைப் புற்றுநோய் வருகிறதா?

அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது, காரம் அதிகம் தின்றதால்தான் வந்தது என்று உறவினர்கள் சொல்கிறார்கள், பிள்ளைகளான எங்களுக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவுக்கு இதே நோய் வந்தபோது எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் நடந்தது. அப்போது மருத்துவர்களிடம் கேட்டும், பிறகு தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

காரம் வயிற்றை எரிக்கும் என்பது உண்மை. ஆனால் மிளகாய் மட்டுமே புற்றுநோயை உண்டாக்குகிறது என்று இதுவரை நிறுவப்படவில்லை. மிக முக்கியமான காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்களான ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-இல் இதை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி எப்படி வாழும் என்று பலரும் நம்ப மறுத்ததால், 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து, சில நாட்களில் தம் இரைப்பை அழற்சியடைந்ததை எண்டோஸ்கோபி (வாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) மூலம் காட்டினார். 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில், சேர்த்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பெரும்பாலும் சிறு வயதிலேயே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் இக்கிருமி, எந்தத் தொந்தரவும் தராமல் பல பத்தாண்டுகள் தங்கிவிடுகிறது. நீடித்த அழற்சியால் இரைப்பையின் உட்சுவர் மெலிந்து, அமிலம் சுரக்கும் செல்கள் குறைந்து, அந்த இடத்தில் குடலின் செல்களைப் போன்றவை முளைத்து, அவற்றில் சில காலப்போக்கில் நெறி கெட்டுப் புற்றாக மாறுகின்றன. கிருமி இருப்பவர்களில் நூற்றுக்கு ஓரிருவர், அதிகம் போனால் மூவருக்குத்தான் இது நேர்கிறது என்பதால், கிருமி இருக்கிறது என்று தெரிந்தவுடன் நடுங்க வேண்டியதில்லை.

அந்தச் சிலரை நோய்க்குள் தள்ளுபவற்றில் உப்பும் புகையும் முதலில் வருகின்றன. கருவாடு, உப்புக்கண்டம், ஊறுகாய் போன்றவற்றை அன்றாடம் மிகுதியாக உண்ணும்போது இரைப்பையைக் காக்கும் சளிப்படலம் சிதைந்து, கிருமியின் வேலை எளிதாகிறது. பீடி, சிகரெட் பழக்கம் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதில் ஐயமே இல்லை. இந்தியாவில் இந்நோய் மிக அதிகமாகக் காணப்படும் மிசோரத்தில், புகையில் உலர்த்திய இறைச்சி, பன்றிக் கொழுப்பைப் புளிக்க வைத்துச் செய்யும் சா-உம், புகையிலைப் புகை ஏற்றிய துய்புர் என்ற நீர் ஆகிய பழக்கங்களை ஆய்வாளர்கள் நோயோடு தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். அதிகக் குடி, உடல் பருமன், பி12 சத்தை உறிஞ்ச முடியாத ஒரு வகைச் சோகை, முன்பு இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருத்தல் ஆகியவையும் பட்டியலில் உண்டு. பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது.

என் அப்பா நாற்பது ஆண்டுகள் பீடி பிடித்தவர். கருவாட்டுக் குழம்பிலும் மேலே உப்பு தூவிக்கொள்வார். நோய் வந்த ஆண்டில் இரண்டு இட்லியோடு வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிடுவார். இறுக்கிக் கட்டிய வேட்டி நழுவிக்கொண்டே இருக்கும். நாங்கள் அதை அல்சர் என்று நம்பி, மருந்துக் கடையில் அமிலம் குறைக்கும் மாத்திரை வாங்கிக் கொடுத்தே எட்டு மாதம் கடத்திவிட்டோம். அந்த மாத்திரைகள் எரிச்சலை அடக்கி, உள்ளே வளர்வதை மறைத்துவிடக்கூடும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. சீக்கிரம் வயிறு நிறைதல், காரணமின்றி எடை குறைதல், கறுப்பாக மலம் போதல், ரத்தச் சோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி உங்கள் சொந்தக் கேள்வி. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால், மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு வாய்ப்பு அதிகம். நேரடியாக மரபணுவால் வருவது நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரைதான்; 1998-இல் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிக் குடும்பம் ஒன்றில் அத்தகைய மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது. குடும்பத்தில் பலருக்கோ மிக இளம் வயதிலோ வந்திருந்தால் மட்டும் மரபணுச் சோதனை குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். மற்றபடி, ஒரே கிருமியையும் ஒரே சமையலையும் பகிர்ந்துகொண்டதே பெரும்பங்கு.

ஆகவே நீங்களும் உடன்பிறந்தோரும் கிருமிக்கான மூச்சுச் சோதனையோ மலப் பரிசோதனையோ செய்துகொள்ளுங்கள். அமிலம் குறைக்கும் மாத்திரை எடுப்பவராயின், மருத்துவரைக் கேட்டு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லையேல் முடிவு தவறாக வரலாம். கிருமி இருந்தால் வழக்கமாகப் பதினான்கு நாள் மருந்து தருவார்கள். முடிந்து நான்கு வாரமாவது கழித்து மறுபடி சோதித்தே ஆக வேண்டும்: என் தம்பிக்கு முதல் சுற்றில் கிருமி போகவில்லை, மருந்தை மாற்றிக் கொடுத்த இரண்டாம் சுற்றில்தான் போயிற்று.