அரிமா கினென்: ஆண்டுக் கடைசியில் ஆறு திருப்பங்கள்

கேள்வி: அரிமா என்றால் சிங்கம்தானே? ஜப்பானில் ஆண்டுக் கடைசியில் நடக்கும் குதிரைப் பந்தயத்துக்கு ஏன் இந்தப் பெயர்?

பதில்: நம் அரிமா வேறு, ஜப்பானிய அரிமா வேறு. அங்கே அது குடும்பப் பெயர். எழுதும்போது ‘உண்டு’, ‘குதிரை’ என்று பொருள்படும் இரண்டு எழுத்துகள் வரும். சிங்கம் தேடிப் போன உங்களுக்குக் குதிரை கிடைத்துவிட்டது! அரிமா யோரியாசு முன்னாள் விவசாய அமைச்சர். பிறகு ஜப்பானின் மத்தியப் பந்தயக் கழகத் தலைவர். பேஸ்பால் ரசிகர்கள் வாக்களித்து நட்சத்திர அணியைத் தேர்ந்தெடுப்பதுபோலக் குதிரைகளுக்கும் வேண்டும் என்று 1956 டிசம்பரில் இதைத் தொடங்கி வைத்தார். அடுத்த மாதமே இறந்துபோனார். 1957இலிருந்து பந்தயம் அவர் பெயரில் நடக்கிறது. ‘கினென்’ என்றால் நினைவு.

கேள்வி: வாக்கு அதிகம் வாங்கிய குதிரைகள் மட்டும்தான் ஓடுமா?

பதில்: இல்லை. ஓட விருப்பம் தெரிவித்தவற்றில் முதல் பத்துக் குதிரைகளுக்கு முன்னுரிமை. மற்ற இடங்கள் பரிசுப் பணக் கணக்கில் நிரம்பும். மொத்தம் 16.

கேள்வி: அதுவரை தோல்வியே காணாத டீப் இம்பாக்ட் என்ற குதிரை 2005இல் எப்படித் தோற்றது?

பதில்: பந்தயம் நடக்கும் நகயாமா மைதானத்தைப் பார்த்தால் புரியும். 2,500 மீட்டருக்குள் ஆறு திருப்பங்கள். கடைசி நேர்பாதை 310 மீட்டர்தான்; டோக்கியோ மைதானத்தில் 525 மீட்டருக்கு மேல். போதாக்குறைக்கு, முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் இரண்டு மீட்டருக்கு மேல் உயரும் ஏற்றம். பின்னாலிருந்து பாய்கிற குதிரைக்கு எட்டிப் பிடிக்க இடமே இருக்காது. அன்று ஹார்ட்ஸ் கிரை என்ற குதிரை வழக்கத்துக்கு மாறாக முன்வரிசையிலேயே ஓடியது. ஜாக்கி லெமேரின் கணக்கு. டீப் இம்பாக்ட் அரைக் குதிரை நீளத்தில் தோற்றது. அதற்கு அதுவே முதல் தோல்வி. மறு ஆண்டு அதே பந்தயத்தை வென்றுவிட்டு விடைபெற்றது.

கேள்வி: நீங்கள் மறக்க முடியாத அரிமா எது?

பதில்: 1990. சந்தேகமே இல்லை. ஓகுரி கேப் என்ற சாம்பல் நிறக் குதிரை, கசமத்சு என்ற உள்ளூர் மைதானத்திலிருந்து மேலே வந்தது. 1988இலேயே அரிமாவை வென்றிருந்தது. 1990 இலையுதிர் காலத்தில் டென்னோ ஷோ என்ற பெரிய பந்தயத்தில் ஆறாவது, ஜப்பான் கோப்பையில் பதினொன்றாவது. ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டார்கள். கடைசிப் பந்தயத்தில் 21 வயது யுடாகா டாகே ஏறினார். நிதான வேகத்தில் போன பந்தயம். கடைசித் திருப்பத்தில் வெளிப்பக்கமாக முன்னேறி, துரத்திய மெஜிரோ ரயன் என்ற குதிரையை முந்தவிடாமல் முடித்தது. மைதானத்தில் 1,77,779 பேர். எல்லோர் வாயிலும் ‘ஓகுரி, ஓகுரி’. ஒளிப்பதிவை இப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கேள்வி: இந்த ஆண்டு எதன்மேல் பணம் கட்டலாம்?

பதில்: இதை என்னிடம் கேட்காதீர்கள். 1996இல் இந்த ஒரே பந்தயத்துக்கு விற்ற டிக்கெட்டுகள் சுமார் 8,750 கோடி யென். அதில் பெரும்பகுதி தோற்ற பணம். ஆனால் ஒன்று சொல்கிறேன். ஒரே குதிரைக்கு முதலிடம், முதல் மூன்றுக்குள் ஓர் இடம் இரண்டுக்கும் சேர்த்துக் கட்டினால், டிக்கெட்டில் ‘கன்பாரே!’ என்று அச்சாகி வரும். ‘விடாதே, ஓடு!’ என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு யென் வீதம் இருநூறு யென் போதும்.