ஒன்பதடி ஒழுங்கைக்குள் மொடியூலர் வீடு வருமா?

கேள்வி: நிலாவெளியில் எங்களுக்கு 20 பேர்ச் காணி இருக்கிறது. கடலில் இருந்து ஏறத்தாழ 250 மீற்றர். பிரதான வீதியில் இருந்து ஒன்பதடி ஒழுங்கையால்தான் உள்ளே வரலாம். கனடாவில் இருக்கும் தம்பி, "மேசனுக்குப் பின்னால் அலையாமல் மொடியூலர் வீடு போடுங்கோ, மூன்று மாதத்தில் குடிபோகலாம்" என்கிறான். அம்மாவோ, "பொருத்து வீடா? வெயிலுக்குள்ள வெந்து சாகவா?" என்று கோபப்படுகிறா. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அம்மாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2016 அளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் தருவதாக அரசாங்கம் சொன்னபோது எழுந்த எதிர்ப்பை நம்மவர்கள் மறக்கவில்லை. சூடு தாங்காது, விறகடுப்புக்கு இடமில்லை, அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாம் என்று பொறியியலாளர்களே சொன்னார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. இங்குள்ள வெயிலையும் அடுப்படியையும் யோசிக்காமல் வரைந்த வீடு அது. அதை வைத்து, தொழிற்சாலையில் செய்யும் எல்லா வீட்டையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

தம்பி சொல்வது எந்த வகை என்று முதலில் கேளுங்கள். ஒன்று பெட்டி வகை: அறை, வயரிங், குளியலறை, தரைக்கல் வரை எல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்து, முழுப் பெட்டியாக லொறியில் வந்து கிரேனால் இறங்கும். மொடியூலர் என்பது சரியாகச் சொன்னால் இதுதான். மற்றது பனல் வகை: சுவர், கூரைச் சட்டம் எல்லாம் தட்டையான துண்டுகளாக வரும்; காணியில் வைத்துப் பூட்டுவார்கள். பழைய கொண்டெய்னரை வெட்டி யன்னல் வைப்பது இரண்டிலும் சேராது. அதன் உள் அகலம் எட்டடிகூட வராது, கட்டிலைப் போட்டால் நடக்க இடமில்லை.

உங்கள் ஒழுங்கை ஒன்பதடி, அதாவது 2.75 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று மீற்றர் அகலப் பெட்டி அதற்குள் வராது. வந்தாலும் கிரேன் கால் விரித்து நிற்க இடம் வேண்டும், மேலே மின்கம்பி இருக்கக் கூடாது. ஆகவே உங்களுக்குப் பனல் வகைதான். சின்ன லொறியில் ஏற்றி, நாலு பேர் தூக்கி உள்ளே கொண்டுவரலாம்.

இதன் பெரிய நன்மை நேரம். இங்கே அத்திவாரம் போடும் அதே நாட்களில் அங்கே சுவர் தயாராகும். திருகோணமலையில் இது சின்ன விஷயம் இல்லை. ஆவணியில் தொடங்கிய கல்வீடு, கூரை ஏறும் முன்பே ஐப்பசி கார்த்திகை மழையில் அகப்பட்டு, சீமெந்துப் பை கட்டியாகி, மேசனும் வராமல் தை வரை நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சித்திரைக்குப் பிறகு அத்திவாரத்தைத் தொடங்கினால் மழைக்கு முன் பனல் வீட்டுக்குக் கூரை போட்டுவிடலாம். மணலும் தண்ணீரும் குறைவாகவே போகும். அச்சில் வைத்துச் செய்வதால் சுவர் மூலைமட்டம் பிசகாது. ஆனால் மலிவு என்று நம்பி இறங்காதீர்கள். கொழும்புப் பக்கம் இருந்து வந்தால் 250 கிலோமீற்றருக்கு மேல் லொறிக்கூலி கொடுக்க வேண்டும்.

இனி உப்பு. உப்புவெளியில் ஒரு தற்காலிக அலுவலகத்தை இரண்டு மாரி கழித்துப் பார்க்கப் போனேன். மழை நேரே அடிக்கும் சுவர் பளிச்சென்று இருந்தது. தாழ்வாரத்துக்குக் கீழே, மழை படாத பக்கத்தில், ஒவ்வொரு ஸ்குரூவின் கீழும் விரல் நீளத்துக்குப் பழுப்புக் கண்ணீர் வழிந்திருந்தது. தகட்டை வெட்டிய ஓரத்தில் நகத்தால் சுரண்டினேன், பொருக்காக உதிர்ந்தது. மழை கழுவும் இடத்தில் உப்பு தங்காது. கழுவாத இடத்தில் படிந்து அரிக்கும். அதனால் இரும்புச் சட்டத்தின் நாகப் (சிங்க்) பூச்சு சதுர மீற்றருக்கு இரு பக்கமும் சேர்த்து எத்தனை கிராம் என்று எழுத்தில் கேளுங்கள். 275 கிராமுக்குக் குறைந்தால் கடற்கரைக்கு வாங்க வேண்டாம். ஸ்குரூ, போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸாக இருக்கட்டும். குடிபோன பிறகு தாழ்வாரச் சுவரை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

காற்றும் அப்படித்தான். 1978 சூறாவளிக்குப் பிறகு இலங்கையை மூன்று காற்று வலயமாகப் பிரித்தார்கள். நமது கரை அதிக காற்றுள்ள வலயத்தில் வருகிறது. 2000 டிசம்பரிலும், 2020 டிசம்பரில் புரவிப் புயலிலும் என்ன வந்தது என்று உங்களுக்குத் தெரியும். கல்வீட்டைப் பாரம் பிடித்துவைக்கும், பனல் வீட்டைப் போல்ட்தான் பிடிக்க வேண்டும். அந்தப் போல்ட்டைக் கம்பியோடு கட்டி, அத்திவாரக் கொங்கிரீட் ஊற்றும்போதே புதைக்கச் சொல்லுங்கள். பிறகு துளைத்து இறுக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

சரி, அம்மாவின் சூடு. அதில் பெரும்பகுதி கூரையில் இருந்துதான் இறங்குகிறது. சூட்டைத் திருப்பி அனுப்பும் வெள்ளித் தாளைக் கூரைத் தகட்டோடு ஒட்டிவிட்டால் பயனில்லை, இடையில் ஒரு அங்குலமாவது காற்று வேண்டும். முகட்டில் சூடு வெளியேற வழி விடுங்கள். மேற்குப் பக்கம் ஆறடி விறாந்தை போடுங்கள், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பின்னேர வெயில் சுவரில் அடிப்பது குறையும். ஒன்றை அம்மாவிடம் சொல்லுங்கள்: கல்சுவர் பகல் சூட்டைப் பிடித்து இரவு பத்து மணிக்கும் கக்கும். பனல் சுவர் அதைச் சேமிக்காது. யன்னலைத் திறந்தால் சீக்கிரம் ஆறிவிடும். விறகடுப்படியை மட்டும் சீமெந்துக் கல்லால் தனியாகக் கட்டுங்கள். மலிவு பனலின் உள்ளே இருப்பது ரெஜிபோம், நெருப்புக்கு உருகும். வீட்டுச் சுவருக்கே ரொக்வூல் (பாறையை உருக்கிச் செய்யும் கம்பளி) பனல் கிடைத்தால் நல்லது, ஆனால் உள்ளே இருப்பது ரொக்வூல்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

அனுமதி கல்வீட்டுக்குப் போலவே இதற்கும் வேண்டும். பிரதேச சபையோடு, கடலில் இருந்து 300 மீற்றருக்குள் இருப்பதால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திலும் விண்ணப்பியுங்கள். அது கைக்கு வரும் முன் தம்பியை முற்பணம் அனுப்பவிட வேண்டாம்.

அப்புறம் விற்பவரிடம், கடற்கரையில் மூன்று மாரி கண்ட வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு மத்தியானம் இரண்டு மணிக்குப் போங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, அரை மணித்தியாலம் உள்ளே இருந்து பாருங்கள்.