பனிஷர் ஹீரோவா ஆன்டிஹீரோவா?
ப்ரோ, கெட்டவங்கள மட்டும்தானே கொல்றான், அப்புறம் ஏன் மார்வெல் காமிக்ஸ்ல வர்ற பனிஷர ஹீரோன்னு ஃப்ரெண்ட்ஸ் ஒத்துக்க மாட்டேங்குறாங்கன்னு கேட்டிருக்கீங்க. என்னக் கேட்டா அவன் பக்கா ஆன்டிஹீரோ, அதாவது கதைக்கு நாயகன்தான், ஆனா ஹீரோ மாதிரி நேர்வழில போறவன் இல்ல. 1974ல மொத தடவ வந்தப்பவே ஜாக்கல்ங்கற வில்லன் பேச்ச நம்பி ஸ்பைடர்மேன கொல்லத்தான் துப்பாக்கியத் தூக்கிட்டு வந்தான், அதாவது இவன் கணக்கு தப்பாவும் போகும்னு அங்கயே காட்டிட்டாங்க. சிவில் வார் காமிக்ஸ்ல ஒரு சீன் வரும், கேப்டன் அமெரிக்கா பக்கம் சேரலாம்னு வந்த ரெண்டு வில்லன்கள பட்டுனு சுட்டுத் தள்ளிடுவான், கேப் கடுப்பாகி அடி வெளுத்துருவாரு, ஆனா இவன் திருப்பி கையே ஓங்க மாட்டான் (அந்தப் பக்கத்த எத்தன தடவ பொரட்டியிருப்பேன்னு எனக்கே தெரியாது). யாரு ஹீரோன்னு அவனுக்கே நல்லாத் தெரியும்ங்க. பொண்டாட்டி புள்ளைங்கள பறிகொடுத்தவன், பாவமாத்தான் இருக்கு, அதுக்காக ஹீரோன்னு சொல்லிட முடியுமா என்ன?